ஒரு பவுசருக்குள் கால் பவுண்

இப்போதெல்லாம் ஒருவருக்கும் தன் நாக்கிலே நம்பிக்கை இல்லை. மீன் வாங்கப் போகிறவன் செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை, பெட்டியில் ஒட்டியிருக்கிற திகதியைப் பார்க்கிறான். மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்து இல்லை என்கிறான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலை நனைகிறது. புளிக்கிறதா இனிக்கிறதா என்று சொல்வதற்கும் ஒரு கடதாசி வேண்டும். கடதாசியில் கையெழுத்து வேண்டும், கையெழுத்துக்கு மேலே முத்திரை வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அதனால் எனக்கு என் நாக்கையும் கண்ணையும் விட்டால் வேறு வழியில்லை. எழுபத்தாறு வயது வரைக்கும் அவை என்னைப் பெரிதாக ஏமாற்றவும் இல்லை.

கரம்பொன்னில் இருக்கிற அன்ரனிட்டா போட்ட வைனை நான் குடித்துப் பார்த்தேன். நல்ல வைன். அதற்குப் பிறகு வந்த கடதாசிதான் அதிலே ஈயம் கிடக்கிறது என்றது.

வேலணையில் எனக்கு நூற்று நாற்பது முந்திரிகைக் கொடி நிற்கிறது. முந்திரிகை என்றால் எங்கள் பக்கம் திராட்சைதான். பாதிக் கொடியை ஒரு மாதம் பிந்தி வெட்டிவிடுவேன், அதனால் மாசியில் ஒரு பறிப்பு, பங்குனியில் ஒரு பறிப்பு. மூன்று வருடமாக இரண்டு பறிப்பையும் அன்ரனிட்டாதான் எடுத்தாள். அவள் சைப்பிரசில் ஒரு கிழவன் வீட்டில் ஏழு வருடம் வேலை செய்தவள். அந்தக் கிழவன் தன் தோட்டத்துப் பழத்தில் வைன் போடுவதைப் பார்த்துப் படித்துக்கொண்டு வந்தாள். புருசன் இல்லை. முதல் இரண்டு வருடமும் நத்தார்ப் பெருநாளுக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் போட்டாள். இந்த வருடம் அனுமதி எடுத்து, போத்தலில் அடைத்து விற்கப் போகிறேன் என்றாள். மாதா கோயில் பூசைக்கும் அவளிடமே வாங்குவதாகச் சுவாமியார் சொல்லியிருந்தாராம். அனுமதிக்கு ஆய்வுகூட அறிக்கை வேண்டும். மாசிப் பழத்தில் போட்ட வைனில் ஒரு போத்தலை அனுப்பினாள். ஈயம், இருக்கலாம் என்று வைத்திருக்கிற அளவைப்போல நாலு மடங்கு என்று பதில் வந்தது. சித்திரை முடிவதற்குள் புது வைனும் புது அறிக்கையும் கொடுக்காவிட்டால் அனுமதி இல்லை.

அவளே வந்து என்னிடம் சொன்னாள். கதிரை நுனியில் இருந்தாள், என் மனிசி அன்னபூரணம் கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. தோட்டத்துக்கு என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்று கேட்டாள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிக்கிறேன், என் அப்பன் வெற்றிலைக்கு அடித்ததும் அதுதான் என்றேன். ஆய்வுகூடத்துப் பிள்ளை ஒருத்தி வந்து பார்க்க வேண்டுமாம், விடுவீர்களோ என்று அடுத்ததாகக் கேட்டாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அவள் போய் இரண்டு நாளில் ஓட்டோக்காரன் ஜெயரூபன் வாசலில் நின்று கேட்டான். இவனுக்கு வேலணையில் எந்த வீட்டுப் பானையில் என்ன வேகிறது என்பதும் தெரியும்.

"என்ன அப்பு, உங்கட பழத்தில ஈயமாம்? திண்டா நிறை கூடுமோ?"

"உன்ர வாய்க்குள்ள கொஞ்சம் ஊத்தினா மூடும்" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டு போனான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பேச்சு ஒரு ஊரில் நிற்காது. பங்குனிப் பழம் கொடியில் கறுக்கத் தொடங்கியிருந்தது. அன்ரனிட்டா எடுக்காவிட்டால் வேறு யாரும் எடுக்கப் போவதில்லை. ஈயப் பழம் என்ற பெயர் ஒட்டிவிட்டால் நூற்று நாற்பது கொடியையும் அடியோடு வெட்டி எறிவதுதான் மிச்சம். அதனால்தான் அந்தப் பிள்ளையை வரவிட்டேன்.

தர்சினி என்று பெயர். மெலிந்த பிள்ளை, வெயிலில் தொப்பியும் இல்லாமல் வந்து நின்றது. ஒரு பெட்டி நிறையச் சின்னச் சின்னப் போத்தல். அதெல்லாம் அமிலத்தில் கழுவியதாம். ஒரு போத்தல் கீழே விழப்பார்க்க நான் கழுத்தில் பிடித்துக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டு, அந்தப் போத்தலை வேறு பைக்குள் போட்டுக் கட்டிவிட்டாள். என்ன என்று கேட்டேன். என் விரல் பட்டுவிட்டதாம், இனி அது சரிவராதாம். எழுபத்தாறு வருடமாக இந்த விரலால்தான் சாப்பிடுகிறேன் என்றேன். கையுறை மாட்டிக்கொண்டு பழம் பறித்தாள், இலை பறித்தாள், கொடியின் அடியில் மண் அள்ளினாள், என் துத்தப் பையிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்தாள். மலிவான துத்தத்தில் ஈயம் கலந்திருக்கலாமாம்.

எவ்வளவு ஈயம் என்று நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். முதலில் மில்லிகிராம் என்று ஏதோ சொன்னாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

"ஐயா, கோடையில இஞ்ச தண்ணி கொண்டு வாற பவுசர் தெரியுந்தானே, அஞ்சாயிரம் லீற்றர். அது நிறைய வைன் இருந்தா, அதுக்குள்ள கால் பவுண் நிறை ஈயம்."

"கால் பவுண்."

"ஓம்."

"ஒரு பவுசருக்குள்ள."

"ஓம் ஐயா."

"அதை நீர் கண்டனீரோ?"

மெசின் கண்டதாம். அந்த மெசினுக்குள் ஒரு நெருப்பு எரிகிறதாம், அது சூரியனின் மேற்பரப்பை விடச் சூடாம். அதற்குள்ளே வைனைப் புகை மாதிரி ஊத, செம்பு வேறு, ஈயம் வேறு, இரும்பு வேறு என்று நிறைப்படி பிரிந்து போகுமாம், மெசின் ஒவ்வொன்றாக எண்ணுமாம். சூரியனை விடச் சூடான நெருப்பை ஒரு அறைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிறாளாம். பொய் சொல்கிற முகமும் அவளுக்கு இல்லை. யாரோ இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்ததை நம்பிக்கொண்டு திரிகிறாள் என்று நினைத்தேன்.

பொழுதாகிவிட்டதால், விடியக்காலையில் கிணறு அசையாமல் இருக்கும்போது தண்ணீர் எடுத்துத் தரச் சொன்னாள். வீட்டுக் கிணற்றுக்கு ஒரு போத்தல், தோட்டக் கிணற்றுக்கு ஒரு போத்தல், இரண்டிலும் பெயர் எழுதித் தந்தாள். கையுறையும் தந்தாள். ஜெயரூபன் பட்டினம் போகும்போது கொடுத்துவிட்டால் போதும் என்றாள்.

அந்த மெசினை நான் ஒருக்கால் பரீட்சை பார்க்க வேண்டாமோ? விடியவே எழும்பி, இரண்டு போத்தலிலும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே நிரப்பினேன். கையுறை மட்டும் அவள் சொன்னபடி போட்டேன்.

எட்டாம் நாள் அவளே வந்தாள். பழத்தில் ஈயம் இல்லை என்று சொல்லுமளவுக்குத்தான் இருக்கிறதாம். இலையில் செம்பு உண்டு, அது துத்தம், வைன் நுரைத்து அடங்கும்போது மண்டியோடு பெரும்பாலும் கீழே போய்விடுமாம். என் துத்தமும் சுத்தம். மண்ணும் சுத்தம். நான் மூச்சு விடும் முன்னே அடுத்ததைச் சொன்னாள்.

"ரெண்டு போத்தலிலயும் ஒரே கிணத்துத் தண்ணிதானே ஐயா நிரப்பினனீங்கள்?"

கோபப்படாமல்தான் கேட்டாள். நான் செருமினேன். தோட்டக் கிணற்றுக்குப் போய் இன்னொரு போத்தல் எடுத்துத் தரச் சொல்லிவிட்டு, நிழலில் இருந்து அன்னபூரணம் கொடுத்த மோரைக் குடித்தாள். அன்றைக்கு இரவு அன்னபூரணத்தைப் பிடித்து, நீதானே அவளுக்குச் சொன்னாய் என்று கேட்டேன். அம்மனாணை இல்லை என்றாள். அவளையும் நான் முழுதாக நம்பவில்லை.

பழம் சுத்தம், கிணற்றுத் தண்ணீரும் சுத்தம் என்ற செய்தி ஜெயரூபனின் ஓட்டோவில் ஊர் முழுக்கப் போனது. அன்ரனிட்டா பங்குனிப் பழத்தை வழமைபோல வந்து எடுத்தாள். தோட்டம் தப்பியது. ஆனால் ஈயம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. தர்சினி கரம்பொன்னுக்குப் போய், பழம் நசிக்கிற இடம், வடிக்கிற துணி, பீப்பா, குழாய் என்று ஒவ்வொரு படியிலும் போத்தல் நிரப்பிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன். அன்ரனிட்டா புதிதாகத் துருப்பிடிக்காத உருக்கில் பெரிய தொட்டி ஒன்று இறக்கினாள் என்றும் கேள்விப்பட்டேன். சித்திரை நடுவில் புது அறிக்கை வந்தது, அனுமதி கிடைக்கும் என்றார்கள். சந்தோசம். அப்படியென்றால் என் கிடாரம் எங்கே?

கிடாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பித்தளை அண்டா, இரண்டு ஆள் பிடித்துத் தூக்க வேண்டும். அன்னபூரணம் கலியாணமாகி வரும்போது வந்தது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரைவிட்டு ஓடும்போது கிணற்றுக்குள் இறக்கிவிட்டுப் போய், திரும்பி வந்து பாசியோடு தூக்கினோம். வைகாசியில் அம்மன் கோயில் அன்னதானத்துக்குப் புளி விட்ட குழம்பு அதிலேதான் கொதிக்கும். மார்கழியில் அன்ரனிட்டா, நசித்த பழத்தை நாலைந்து நாள் ஊறவிடப் பாத்திரம் காணாது, பெயின்ற் வாளியில் போட மனமில்லை என்றாள். நான்தான் கிடாரத்தைக் கொண்டுபோ என்றேன். முந்திரிகைச் சாறு புளிப்பு. புளிப்புப் பித்தளையில் பட்டால் களிம்பு பிடிக்கும். அது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே ஆழ்வாப்பிள்ளையைக் கூப்பிட்டு உள்ளே வெள்ளீயம் பூசிவித்துத்தான் கொடுத்தேன். முற்றத்தில் நெருப்பு மூட்டி, நவச்சாரம் தூவி, பஞ்சால் இழுத்து இழுத்து அவன் பூசியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தடிப்பாய்ப் பூசு, அந்தத் தங்கச்சி வைன் போடப் போகிறாள் என்று நானே சொன்னேன்.

புதுத் தொட்டி வந்து ஒரு மாதமாகியும் கிடாரம் வரவில்லை. எங்கள் பக்கம் இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் இல்லை. ஒரு கொத்து அரிசியாவது சீனியாவது உள்ளே வைத்துத்தான் கொடுப்பார்கள். கிடாரம் பெரிது, நிரப்ப வழி பார்த்துக்கொண்டிருக்கிறாளாக்கும் என்று அன்னபூரணம் பகிடி விட்டாள். நான் பகிடி விடவில்லை. இரண்டு தரம் சொல்லி அனுப்பினேன். இரண்டு தரமும் ‘பிறகு கொண்டு வாறன்’ என்ற பதில்தான் வந்தது. வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த ஆட்கள், பித்தளையின் பெறுமதி தெரிந்திருக்கும். மனதில் எனக்கு ஓடியது அதுதான். அன்னதானத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஜெயரூபனின் ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு கரம்பொன்னுக்குப் போனேன்.

அவனை ஒழுங்கை முகப்பில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். கிடாரம் குசினிக்குப் பின்னால் கவிழ்த்து, மேலே பனையோலை போட்டு மூடிக் கிடந்தது. மறைத்து வைத்திருக்கிறாள் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே கேட்டேன்.

"இரவல் வாங்கின சாமானைக் குடுக்கிற பழக்கம் கரம்பொன்னில இல்லையோ?"

வைகாசி முடியட்டும், நானே கொண்டுவந்து தருகிறேன் என்றாள். அன்னதானம் வைகாசியில்தான் என்றேன். தெரியும் என்றாள். தெரிந்துகொண்டுதான் வைத்திருக்கிறாய் என்றேன். இன்னும் இரண்டு மூன்று சொன்னேன், எழுதக்கூடாது. அவள் கண் சிவந்துவிட்டது. அவள் ஓலையைத் தூக்கிப் போட்டு, கிடாரத்தைச் சரித்து, எனக்கு உள்ளே காட்டினாள். பூச்சில் ஒரு சதுரம், நகம் அளவு, சுரண்டியிருந்தது.

"தர்சினி சுரண்டி எடுத்தது. உதில பாதிக்கு மேல வெள்ளீயமில்லை, ஈயம். பழைய பற்றறி உருக்கிற ஈயமாயிருக்கும் எண்டவ. சாறு உதுக்குள்ள போக முன்னம் சுத்தம் அண்ணை. நாலு நாள் கிடந்து வெளியில வரேக்க நாலு மடங்கு."

நான் குனிந்து அந்தச் சதுரத்தைப் பார்த்தேன்.

"நீங்கள் எனக்காகத்தானே பூசுவிச்சனீங்கள். அதை உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது?"

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அறிக்கையில் ‘பாத்திரம்’ என்று மட்டும் போடும்படி, யாருடையது என்று எழுத வேண்டாம் என்று தர்சினியைக் கேட்டுக்கொண்டாளாம். பட்டினத்தில் ஒருவனைப் பிடித்திருக்கிறாளாம். அவன் வந்து இந்தப் பூச்சை முழுதாக எரித்து எடுத்துவிட்டு, கலப்பில்லாத வெள்ளீயம் பூசித் தருவானாம், ஆனால் வைகாசி கடைசியில்தான் வர முடியுமாம். அதன் பிறகு உள்ளே அரிசி வைத்து ஒன்றும் சொல்லாமல் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று இருந்தாளாம். மாசி வைன் தொண்ணூறு லீற்றரையும் என்ன செய்தாய் என்று கேட்டேன். குழி வெட்டி ஊற்றி மூடிவிட்டேன் என்றாள். இரண்டு வருடம் அந்த வைனுக்காக அலைந்தவள். ஊற்றியதைப் பற்றி என் வீட்டுக்கு வந்து ஒரு சொல் சொன்னதில்லை, என் பழத்துக்குப் பேர் கெட்டபோதும் அந்தப் பேச்சு அவள் வாயிலிருந்து வந்ததில்லை என்று இப்போதுதான் விளங்கியது.

ஆழ்வாப்பிள்ளை அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றேன். நாற்பது வருடமாகப் பூசுகிறவன். வெள்ளீயம் இப்போது கிடைப்பதில்லை அண்ணை, கிடைத்ததைக் கலந்திருப்பார், கெடுதலுக்குச் செய்திருக்க மாட்டார் என்று அவள்தான் அவனுக்காகவும் பேசினாள். அவன் நெருப்புக்குப் பக்கத்தில் இருந்து, மங்கல் நிறத்தில் ஒரு தகட்டைக் குறட்டால் துண்டு துண்டாக வெட்டியது எனக்கு ஞாபகம் வந்தது. வெள்ளீயம் மங்கலாக இராது. அப்போது நான் கேட்கவில்லை. அதை அவளிடம் சொல்லவும் இல்லை.

"தங்கச்சி, நான் அந்த வைனைக் குடிச்சனான். ஒரு கோப்பை நிறையக் குடிச்சனான். எனக்கு என்ன வந்தது?"

"உங்களுக்கு ஒண்டும் வராது. அன்னதானத்தில முதல் பந்தியில ஆர் இருக்கிறது? சின்னப் பிள்ளையள். அதுகளுக்குத்தான் மூளைக்கு அடிக்குமாம். புளிக் குழம்பு கொதிக்கக் கொதிக்க ஈயம் இறங்கும்."

கண்ணுக்குத் தெரியாத ஒன்று, நாக்குக்குத் தெரியாத ஒன்று, குடித்தவனுக்கே தெரியாத ஒன்று. அது இருக்கிறது என்று சொல்வது ஒரு பெட்டி. அந்தப் பெட்டி என் பழம் நல்லது என்று சொன்னபோது நான் மறுக்கவில்லைத்தான். ஆனால் என் பழம் நல்லது என்று எனக்கு முன்னமே தெரியும், அதற்கு எனக்குப் பெட்டி தேவைப்படவில்லை. நான் இதை அவளுக்குச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், சண்டை பிடிக்கவில்லை.

"கிடாரத்தைக் கொண்டு போறதெண்டா நான் மறிக்க ஏலாது அண்ணை. உங்கட சாமான். ஒரு கை பிடிச்சு ஏத்தியும் விடுவன்" என்றாள்.

நான் கிடாரத்தின் வாயை ஒருக்கால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று நல்ல பூச்சு. அந்த நகமளவுச் சதுரத்தில் மட்டும் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. பிறகு ஓலையை எடுத்து நானே மூடினேன். அந்தப் பட்டினத்துக்காரன் வரும்போது எனக்குச் சொல்லி அனுப்பு, அவன் என்ன பூசுகிறான் என்று நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றேன். மழைக்கு முன் கொடி வெட்டுவேன், அடுத்த மாசிப் பழத்துக்கு இப்போதே சொல்லி வைக்க விருப்பமென்றால் சொல் என்றும் கேட்டேன். ஓம் என்றாள். முன்னே நான் சொன்ன இரண்டு மூன்று சொல்லுக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தேத்தண்ணி தந்தாள், நின்றபடி குடித்தேன்.

ஒழுங்கை முகப்பில் ஜெயரூபன் இடம் ஒதுக்கி, கயிறும் எடுத்து வைத்திருந்தான்.

"கிடாரம் எங்க அப்பு?"

"அங்க கிடக்கட்டும்."

"தரமாட்டன் எண்டவவோ? எனக்கு முதலே தெரியும், உந்த மனிசி..."

"அவவைப் பற்றி உன்ர வாயால ஒரு சொல்லும் வரப்படாது" என்றேன். "வேலணையில நான் ஏதும் கேள்விப்பட்டன் எண்டா உன்ர ஓட்டோவில இனி ஏற மாட்டன்."

நான் அவனைப் போகச் சொல்லிவிட்டு வீதியால் நடந்தேன். ஆழ்வாப்பிள்ளை வீடு அந்தப் பக்கம்தான், இரண்டு கட்டைத் தூரத்துக்கு மேல் இராது. அவனிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவன் இல்லை என்றால் நான் அவனை நம்புவேனா, மெசினை நம்புவேனா என்பது கேட்ட பிறகு பார்க்கலாம். கோயிலுக்குச் சங்கக் கடையில் அலுமினியக் கிடாரம் இரவல் எடுக்கலாம் என்று நடந்தபடி யோசித்தேன். கேட்கிறவர்களுக்குக் கிடாரம் ஓட்டோவுக்குள் கொள்ளவில்லை என்று சொல்லுவேன். அதுதான் காரணம் என்று எனக்கும் சொல்லிக்கொண்டேன். இத்தனூண்டு ஈயம் ஒரு பிள்ளையை என்ன செய்துவிடும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிடிபடாமலேதான் நடந்தேன்.